கிளாரஸ் மலையில் ஓடும் கோடு ஒன்றைப் படிப்பது எப்படி: எஷரும் ஹைமும் நடந்த வழியில்

ஸ்விட்சர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் பனியைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்தால் கிளாரஸ் மாநிலத்துக்குப் போங்கள். அங்கே சிகரங்களுக்குக் கொஞ்சம் கீழே, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு வயது 25 முதல் 30 கோடி ஆண்டு. கீழே இருப்பதற்கு 5 கோடிக்கும் குறைவு. வண்டல் படிந்து உண்டாகும் பாறையில் பழையது அடியிலும் புதியது மேலேயும்தான் இருக்கவேண்டும், இங்கே எல்லாம் தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் சுவிஸ் நிலவியலாளர்கள் நூறு வருடம் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டினார்கள். அவர்கள் பார்த்ததை அதே வரிசையில் நீங்களும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

எடுத்துப் போக வேண்டியது குறைவு. கோடு போடாத நோட்டு, பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு பேனாக்கத்தி. சுத்தியல் வேண்டாம். இந்தப் பகுதி 'சார்டோனா' என்ற பெயரில் 2008இலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம், பாறையை உடைக்கக் கூடாது. கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள், முதலில் வரையுங்கள். இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. இந்த மலைகளை வரைந்து வரைந்தே படித்தவர் ஆல்பர்ட் ஹைம் (1849–1937). 16 வயதில் டோடி மலைக்கூட்டத்துக்கு ஒரு மாதிரி உருவம் செய்தார், அதைப் பார்த்துத்தான் சூரிச்சின் பேராசிரியர் ஆர்னால்ட் எஷர் அவரைக் கூடவே மலைக்கு அழைத்துப் போய்க் கற்றுக்கொடுத்தார். எஷர் இறந்த மறுவருடம், 1873இல், சூரிச் பாலிடெக்னிக்கில் அதே பொறுப்பு 24 வயது ஹைமுக்கு வந்தது.

எல்லோரும் நேரே தூரத்துக் காட்சியைப் பார்க்க எல்ம் கிராமத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஷ்வாண்டனில் இறங்குங்கள். சூரிச்சிலிருந்து சீகல்புரூக்கெ வழியாக ரயில் வருகிறது. ஊரை விட்டுக் கொஞ்சம் நடந்து காட்டுப்பாதையில் ஏறினால் லோக்சிட்டே என்ற இடம். பெரிய மலையெல்லாம் இல்லை, மரங்களுக்கு நடுவே குகை வாய் மாதிரி குடைந்து நிற்கும் ஒரு பாறைதான். ஆனால் தூரத்தில் மட்டுமே தெரியும் அந்தக் கோடு இங்கே கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

கையை மேலிருந்து கீழே கொண்டு வாருங்கள். மேலே வெருகானோ என்ற பழைய பாறை, பச்சையோ சிவப்போ கலந்தது, கூழாங்கற்கள் பதிந்தது. நடுவில் வெளிறிய சுண்ணாம்புக்கல் பட்டை. லென்ஸை அதில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சுண்ணாம்பு பிசைந்த மாவு மாதிரி சுழித்துக் கிடக்கும், மேலே நகர்ந்த மலையின் எடை முழுவதும் அதன் மேல்தான் இழுபட்டது. அதற்கும் கீழே கருப்பான சிலேட்டு, ஃபிளிஷ் என்பார்கள். மேல் எல்லை கத்தியால் வெட்டியது போலவும் கீழ் எல்லை நெளிந்தும் இருப்பதைக் கவனித்து இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். எது எது என்று குழப்பம் வந்தால் தரையில் உதிர்ந்து கிடக்கும் துண்டைப் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். சுண்ணாம்பில் கோடு விழும், வெருகானோவின் குவார்ட்ஸ் கூழாங்கல்லில் விழாது.

கீழே இருப்பதுதான் புதியது என்று எப்படி நம்புவது? இந்தக் கேள்வி உங்களுக்கு வர வேண்டும், வராவிட்டால் மீதிப் பயணத்துக்கு அர்த்தமே இல்லை. ஷ்வாண்டனிலிருந்து எல்ம் போகும் பஸ் எங்கி என்ற ஊரைத் தாண்டும். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு சிலேட்டு வெட்டிய பழைய சுரங்கம் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்தச் சிலேட்டில் மீன்களின் புதைபடிவங்கள் கிடைத்தன. முள் முள்ளாகத் தெரியும் எலும்புள்ள மீன்கள், வெருகானோ படிந்த காலத்துக்கு வெகு வெகு பிந்தியவை. அந்த மீன் ஒன்றே போதும்.

எல்ம் போய்ச் சேரும்போது மதியம் தாண்டியிருக்கட்டும். காலையில் சூரியன் சிங்கெல்ஹோர்னர் சிகரங்களுக்குப் பின்னால் நிற்கும், பாறை வெறும் நிழலாகத் தெரியும். (மார்ச் நடுவிலும் செப்டம்பர், அக்டோபர் சேரும் நாட்களிலும் மார்ட்டின் துளை என்ற ஓட்டை வழியாகக் காலை வெயில் நேரே எல்ம் தேவாலயத்தில் விழுவதும் இதனால்தான்.) மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் முகப்பில் விழும். முதலில் வான்கோட்டை வரையுங்கள், பிறகு ஓட்டை, அப்புறம்தான் அந்தக் கோடு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்துச் சாய்வை அளந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததை முழுக் கோடாகவும் 'இப்படித்தான் போயிருக்கும்' என்று நினைப்பதைப் புள்ளிக் கோடாகவும் போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

வரையும்போது ஊரையும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். 1881 செப்டம்பர் 11 அன்று, சிலேட்டுக்காக அடியில் குடைந்த மலைச்சரிவு இடிந்து விழுந்து இங்கே 115 பேர் இறந்தார்கள். ஹைம் வந்து தடயங்களை அளந்து, பிழைத்தவர்கள் சொன்னதைக் கேட்டு, பாறைக் குவியல் திரவம் போலப் பள்ளத்தாக்கில் ஓடியதை எழுதி வைத்தார். பாறைச்சரிவு பற்றிய படிப்பில் அந்த வேலை இன்றும் பேசப்படுகிறது.

சரி, இப்போது நோட்டில் ஒரு புதிய பக்கம் எடுத்து, மலையைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டியதாக நினைத்து வரையுங்கள். வடக்கே ஷ்வாண்டனில் கோடு பள்ளத்தாக்கின் அடியில், லோக்சிட்டே உயரத்தில். எல்முக்கு மேலே அதே கோடு 2,600 மீட்டரைத் தாண்டி. தெற்கே ஃபிளிம்ஸ் என்ற ஊர்ப் பக்கம் மறுபடி இறங்குகிறது. வளைவு ஒன்று கிடைக்கும், கவிழ்த்த கிண்ணம் மாதிரி.

இந்தப் படம் உங்கள் கையில் இருந்தால் எஷர் ஏன் திணறினார் என்று புரியும். பழைய பாறை மேலே இருப்பதை அவருடைய அப்பா ஹான்ஸ் கொன்ராட் எஷரே 1800களின் தொடக்கத்தில் கவனித்துவிட்டார். மகனுக்கு ஒரு பெரிய பாறைப் போர்வையே மேலே நகர்ந்து வந்து அமர்ந்ததாகத் தோன்றியது. 1848இல் பிரிட்டிஷ் நிலவியலாளர் மர்ச்சிசன் வந்தபோது அவரிடம் அதைக் காட்டவும் செய்தார். ஆனால் அச்சில் போடத் துணியவில்லை, போட்டால் தன்னைப் பைத்தியக்கார விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று அஞ்சினாராம். அதற்குப் பதில் வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு ராட்சத மடிப்புகள் எதிரெதிரே கவிழ்ந்ததாகச் சொன்னார் (மடிப்பு கவிழ்ந்தால் பாறை வரிசையும் தலைகீழாகும்). உங்கள் கிண்ணத்தின் இரண்டு சரிவுகளைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு மடிப்பின் அடிவயிறு போலவே இருக்கும். ஹைம் 1878இல் வந்த தன் பெரிய நூலில் இந்த இரட்டை மடிப்பை அற்புதமான படங்களோடு நிலைநாட்டினார். எனக்கு எஷர் மேல் வருத்தம்தான் வருகிறது, கண்ணால் கண்டதை அவரே மடித்து வைத்துவிட்டார்.

இப்போது நடுவில் உள்ள இடைவெளியைப் புள்ளிக் கோட்டால் இணையுங்கள். 1884இல் பிரெஞ்சு நிலவியலாளர் மார்செல் பெர்த்ராண்ட் செய்தது இதைத்தான், அதுவும் கிளாரஸுக்கு வராமல், ஹைமின் படங்களையும் குறிப்புகளையும் வைத்தே. இரண்டு மடிப்பு வேண்டாம், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த ஒரே போர்வை போதும் என்றார். ஹைம் அதை ஏற்க ஏறக்குறைய 20 ஆண்டு ஆனது, ஆனால் வெளிப்படையாக ஏற்றார். குறைந்தது 35 கிலோமீட்டராவது அந்தப் போர்வை நகர்ந்திருக்கிறது என்பது இன்றைய கணக்கு.

இன்னொரு நாள் இருந்தால் ஃபிளிம்ஸ் பக்கம் போய்த் தங்கி, மறுநாள் காலையில் செக்னெஸ் சமவெளிக்கு ஏறுங்கள். ஜூலைக்கு முன் பனி கிடக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். இங்கே காலை வெளிச்சம்தான் சரி. அதே மார்ட்டின் துளை, அதே கோடு, ஆனால் இடம் வலம் மாறி. நேற்று எல்மில் வரைந்த பக்கத்தைப் புரட்டாமல் புதிதாக வரையுங்கள், அப்புறம் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி, இரண்டையும் வெயிலுக்கு நேரே ஒன்றன் மேல் ஒன்றாகப் பிடித்து, கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.