ஜெர்மனியில் படிப்பு முடிந்து கிளம்புகிறீர்களா? கடைசி வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் கடைசியும் செப்டம்பர் கடைசியும் வந்தால் எங்கள் மாணவர் விடுதியின் தாழ்வாரத்தில் நடக்க இடம் இருக்காது, அத்தனை பெட்டிகள். செமஸ்டர் முடிந்து போகிறவர்கள் வருடத்துக்கு வருடம் மாறுகிறார்கள், செய்கிற தவறுகள் மட்டும் மாறுவதில்லை. பாஸ்போர்ட், பெட்டியின் எடை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வங்கிக் கணக்கை முதலில் மூடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட்டுப் போகிறேன் என்று நல்ல பிள்ளையாக வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அறைக்குக் கொடுத்த முன்பணம் அப்போது வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது!

சட்டப்படி மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்கலாம் (ஹீட்டிங் போன்ற செலவுகள் சேராத வாடகை). சாவியைக் கொடுத்த அன்றே அது திரும்பி வராது. அறையைச் சரிபார்க்க வீட்டுக்காரருக்கு அவகாசம் உண்டு, சில மாதங்கள்கூட ஆகும். ஹீட்டிங், தண்ணீர் கணக்கு பாக்கியிருந்தால் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தியும் வைக்கலாம்.

பக்கத்து அறைப் பையன் வெள்ளிக்கிழமை கணக்கை மூடினான், ஞாயிறு விமானம் ஏறினான். முன்பணம் பிறகு வந்தது, கணக்கு இல்லாததால் திரும்பியும் போனது. வேறு கணக்கு எண் கேட்டு விடுதி நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பியது, அதுவும் அவனுடைய பல்கலைக்கழக முகவரிக்கு. படிப்பு முடிந்ததும் அந்த முகவரியும் மூடப்பட்டிருந்தது. கடைசியில் இங்கே இருந்த நண்பன் பெயருக்கு அதிகாரக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பி வாங்க வேண்டியதாயிற்று. மாதக் கட்டணமாகச் சில யூரோ மிச்சம் பிடிக்கப் போய் சில நூறு யூரோவை அந்தரத்தில் விட்டான்.

அதனால் முன்பணம் வந்து சேரும் வரை கணக்கு இருக்கட்டும். வங்கியின் உறுதிக் குறுஞ்செய்தி ஜெர்மன் எண்ணுக்கு வருகிறதென்றால் அந்த சிம்மையும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்காரரிடம் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சாவியை நண்பனிடம் கொடுத்துவிட்டு ஓடுவது

அறையை ஒப்படைக்கும்போது நீங்களே நில்லுங்கள். அறையைப் பார்க்க வருகிறவர் கையில் நீங்கள் குடிவந்த நாளின் குறிப்பு இருக்கும். உங்கள் நகலும் கையில் இருக்கட்டும், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பார்க்கிறவர்கள் ஷவர் தலையில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பு, ஜன்னல் ஓரத்துப் பூஞ்சை, சுவரில் ஆணி அடித்த துளை என்று தேடித்தான் பார்ப்பார்கள். சுண்ணாம்புக்கு முந்தின நாளே வினிகர் ஊற்றி ஊறவிடுங்கள். மீட்டர் எண்களைப் படம் எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்ட நகலை வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

ஆப்மெல்டுங்கை (முகவரிப் பதிவு நீக்கம்) தள்ளிப்போடுவது

நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் முகவரிப் பதிவை நீக்கியாக வேண்டும். காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரம் வரைக்கும் நேரம் உண்டு. கிடைக்கும் சான்றைப் பத்திரமாக வையுங்கள், பல ஒப்பந்தங்களை முடிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

சந்தாக்கள் தானாக நிற்கும் என்று நினைப்பது

நிற்காது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டை (நாடு முழுதும் உள்ளூர் பஸ், ரயிலுக்கான மாதச் சந்தா) மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே தனியாக எழுதி நிறுத்த வேண்டும். ஜிம் ஒப்பந்தத்தை இப்போதே எடுத்துப் படியுங்கள்.

விமானத்தன்று காலை, நேரத்துக்குப் போய்ச்சேரும் கடைசி ரயிலை நம்புவது

தனித்தனி டிக்கெட் என்றால், ரயில் தாமதம் விமான நிறுவனத்தின் கவலை அல்ல. முந்தின இரவே போய்விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை நம்புவது

கடை இருக்காது. பேக்கிங் டேப்பைச் சனிக்கிழமையே வாங்குங்கள். அப்படியே கட்டிலுக்கடியில் சேர்ந்த காலி பாட்டில்களையும் கடையிலுள்ள பாட்டில் மெஷினில் போட்டுவிடுங்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.