மணலில் விமானம், கரிமண்ணில் கல்: ஹெப்ரிடீஸ் தீவுகளைச் சுற்றுவது எப்படி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் வரிசையாகக் கிடக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குப் போகிறவர்கள் பார்க்கவேண்டிய இடங்களைத்தான் முதலில் எழுதி வைக்கிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். படகு நேரம், கடல் ஏறி இறங்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை எங்கே வருகிறது, இந்த மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

தெற்கிலிருந்து வடக்கே போவது நல்லது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் என்பதால் சைக்கிள்காரர்களும் இந்தத் திசையைத்தான் பிடிப்பார்கள். ஓபன் துறைமுகத்தில் படகேறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பாரா தீவின் கேசில்பே. கரையை நெருங்கும்போதே விரிகுடாவின் நடுவில், தண்ணீருக்குள்ளிருந்து முளைத்ததுபோல கிசிமுல் கோட்டை நிற்கும். கார் கொண்டுபோகிறவர்கள் கோடைக்கு மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்காது.

கிளாஸ்கோவிலிருந்து விமானத்திலும் வரலாம், அதுதான் வேடிக்கை. பாராவின் ஓடுபாதையே கடற்கரை மணல்தான், கடல் ஏறும்போது அது தண்ணீருக்கடியில் போய்விடும், அதனால் விமான நேரமே கடலைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. வேறு நேரத்தில் அதே மணலில் மக்கள் சிப்பி பொறுக்குவார்கள். நீங்கள் நடக்கப் போனால் காற்றுத்திசை காட்டும் துணிக்குழல் கம்பத்தில் பறக்கிறதா என்று பாருங்கள்; பறந்தால் இறங்காதீர்கள்.

அடுத்து எரிஸ்கேவுக்குச் சின்னப் படகு. 1745இல் பிரிட்டன் அரியணை கேட்டு வந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்தில் முதலில் கால் வைத்த மணல் இங்கேதான். அங்கிருந்து பெர்னரே வரை தீவுக்குத் தீவு கடல்மேல் சாலை போட்டிருக்கிறார்கள், பெர்னரேயில் மறுபடி படகு பிடித்தால் ஹாரிஸ். பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான் சாலை. எதிரில் வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள், போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், ஊர்க்காரர்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

ஹாரிஸில் லஸ்கன்டயர். ஒரே ஒரு கடற்கரைக்குத்தான் நேரம் என்றால் இதுதான். சாலை முடிகிற இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம், அதைத் தாண்டினால் மணல்மேடு, அதற்கப்பால் சிப்பித்தூள் கலந்த வெள்ளை மணல் கண்ணுக்கெட்டியவரை. தண்ணீர் வடிந்த நேரத்தில் போங்கள்: ஈரமணலில் வரிவரியாக அலைத்தடம், வரிகளுக்கிடையே தேங்கிய நீரில் வானம், தூரத்தில் ஹாரிஸ் மலைகள். நிறத்தைப் பார்த்து ஏமாந்து குதித்துவிடாதீர்கள், ஆகஸ்டிலும் அந்தத் தண்ணீர் எலும்பு வரை குளிரும். ஜூன், ஜூலையில் போனால் மணலை ஒட்டிய புல்வெளி முழுக்கக் காட்டுப்பூ.

ஹாரிஸை ஒட்டி வடக்கே லூயிஸ். அங்கே வட்டமாக நட்டு நிறுத்திய கலனிஷ் கற்களுக்கு வயது சுமார் 5,000. நடுக்கல் கிட்டத்தட்ட 5 மீட்டர், அதைச் சுற்றி 13 கற்கள். காலப்போக்கில் பாதி உயரத்துக்குக் கரிமண் (மட்கிய செடிகள் சேர்ந்து உருவாகும் கறுப்பு மண்) வளர்ந்து மூடியிருந்ததை 1857இல் வெட்டி எடுத்தார்கள். பேருந்துக் கூட்டம் போன பிறகு மாலையில் போங்கள். ஜூனில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கன்னத்தை ஒட்டிப் பார்த்தால் கல்லுக்குள் கறுப்பும் வெளுப்பும் மரவரிபோல ஓடுவது தெரியும், அந்தப் பாறைக்கே முன்னூறு கோடி வயது இருக்கும். பக்கத்திலேயே இன்னும் இரண்டு சிறிய வட்டங்கள் உண்டு, அங்கே பெரும்பாலும் நீங்களும் ஆடுகளும்தான்.

நாள் மிச்சமிருந்தால் மேற்கே ஊய்க் மணலுக்கு. 1831இல் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள் கிடைத்த பகுதி அது. பெரும்பாலானவை லண்டனில், சில மட்டும் ஸ்டோர்னோவே அருங்காட்சியகத்தில். கேடயத்தைப் பல்லால் கடிக்கும் வீரனின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் ருசிக்கும்.

சரி, ஞாயிறு. லூயிஸும் ஹாரிஸும் ஞாயிறை ஓய்வுநாளாகக் கறாராகக் கடைப்பிடிக்கும் புராட்டஸ்டண்ட் பகுதிகள், அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெட்ரோலும் சாப்பாடும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தெற்கே பாரா கத்தோலிக்கத் தீவு, அங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை, அதனால் முடிந்தால் ஞாயிறு அங்கே விழும்படி கிளம்புங்கள்.