நீலகிரி வீட்டுக்கு எந்த காலிங் பெல்?

மலையில் காலிங் பெல் அடிக்கவில்லை என்றால், முதலில் வெளியே நனைந்துகொண்டிருக்கும் சுவிட்சைப் பாருங்கள். கூடலூரைத் தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது, குன்னூரையும் கோத்தகிரியையும் ஐப்பசி, கார்த்திகை மழை நனைக்கிறது. மழை விட்டாலும் மூடுபனி விடாது. ஆகவே பெல் வாங்கும் முன் சுவிட்ச் எங்கே வரும் என்று முடிவு செய்யுங்கள். கூரைக்கு அடியில் என்றால் ஒயர் பெல் போதும். திறந்த கேட் என்றால் 230 வோல்ட்டை அங்கே கொண்டுபோகவே கூடாது.

ஒயர் பெல்லில் உழைப்பது 'டிங் டாங்' வகைதான். உள்ளே ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் நடுவே ஓர் இரும்புத் தண்டு, இரு பக்கமும் உலோகத் தகடு. அழுத்தினால் காயில் காந்தமாகித் தண்டை இழுக்கும். அது ஒரு தகட்டில் மோதி 'டிங்'. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தண்டைத் திருப்பி அடிக்கும், அது 'டாங்'. 'டிங்' மட்டும் கேட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது தண்டு துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கும். அடிக்காமல் 'ம்ம்ம்' என்று உறுமினாலும் தண்டு சிக்கியிருக்கிறது என்று பொருள். போர்டில் அந்த லைனின் எம்சிபியை (பிரேக்கர் சுவிட்ச்) அணைத்து, மூடியைக் கழற்றி, தண்டை உலர்ந்த துணியால் துடைத்து, துருவை மெல்லிய உப்புத்தாளால் எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள்; தூசி ஒட்டி மறுபடி இறுகும். சுவிட்ச் உள்ளே போய் அப்படியே மாட்டிக்கொண்டால் காயில் சூடேறிக் கருகிவிடும். அழுத்தியதும் துள்ளி வெளியே வராத சுவிட்சை அன்றே மாற்றுங்கள்.

இணைப்பு எளிது. பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பெல்லுக்கு. நியூட்ரல் நேராக பெல்லுக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பெல் அடிக்கும், ஆனால் சுவிட்சைத் தொடாதபோதும் பெல்லில் பேஸ் நிற்கும். லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கட்டும். சுவிட்ச் பெட்டிக்குள் ஒயர் கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து வந்தால் தண்ணீர் ஒயர் வழியே இறங்கும். பெட்டியின் மேல் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் சிலிகான் பூசி, கீழ் விளிம்பைத் திறந்தே விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அழுத்தி அழுத்திப் பார்த்து நாலாவது முறை அடிப்பது அந்தக் களிம்பால்தான்.

குருவிச் சத்தம், பாட்டு போடும் எலக்ட்ரானிக் பெல்லுக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். அதனால் சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலோ, ஈரத்தில் சிறு கசிவு ஏற்பட்டாலோ நடுராத்திரியில் தானாகக் கத்தும். விளக்கில்லாத சுவிட்ச் போடுங்கள்.

கேட்டுக்கு வயர்லெஸ் நல்லது. பட்டனில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ பேட்டரி. அட்டையில் போட்டிருக்கும் 100 மீட்டர் திறந்தவெளிக் கணக்கு. பழைய பங்களாவின் கருங்கல் சுவரைத் தாண்டும்போது வெகுவாகக் குறையும். வீட்டுக்குள் ஒலிக்கும் ரிசீவரை கேட்டைப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். இரும்பு கேட்டில் பட்டனை நேராக ஒட்டாதீர்கள், இரும்பு சிக்னலைக் கெடுக்கும். இடையில் ஓர் அங்குல மரக்கட்டை கொடுங்கள். பக்கத்து வீட்டார் அழுத்தினால் உங்கள் பெல் அடிக்கிறதா? பழைய பதிவை அழித்துவிட்டு, ரிசீவரின் பட்டனை விளக்கு மின்னும் வரை பிடித்து, உடனே கேட் பட்டனை அழுத்திப் புதிதாகப் பதியுங்கள். பேட்டரியே இல்லாத வகையும் உண்டு: அழுத்தும் வேகத்தில் உள்ளே காந்தம் நகர்ந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பேட்டரி முனை துருப்பிடிக்கும் தொல்லை இதில் கிடையாது. எங்கள் முதல் சிபாரிசு இதற்குத்தான்.

வீடியோ பெல் வாங்குவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இரவில் கேமரா இன்ஃப்ராரெட் ஒளியில் பார்க்கிறது. மூடுபனி அந்த ஒளியைத் திருப்பி அடிப்பதால் திரை முழுக்க வெள்ளையாகத் தெரியும், ஆள் தெரியாது. வாசலில் தனியாக ஒரு பல்பை, கேமராவிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் போட்டால் ஓரளவு தெரியும்.

காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போகும் நாட்களில் பிளக்கில் செருகும் ரிசீவரும் ஊமைதான். மழைக்காலத்துக்கு ஏஏ பேட்டரியில் ஓடும் ரிசீவரைக் கேட்டு வாங்குங்கள்.