ஆளில்லாத சதுப்புத் திட்டில் பறவைக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வலசைப் பருவத்தில், கணக்கெடுப்புக்குப் புதிதாக வந்த இருவரை ஆள் வசிக்காத ஒரு சிறிய உவர்ச் சதுப்புத் திட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். படகு கரையைத் தொடுவதற்கு முன்பே அவர்களுள் ஒருவர் எழுந்து நின்று இறங்கக் காலைத் தூக்கினார். 18 ஆண்டுகளுக்கு முன்பு நான் இறங்கியதும் அப்படித்தான். அதே அவசரம், அதே மகிழ்ச்சி, அதே தவறான நேரம். அவருடைய தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். பறவைகளுக்கு அருகில் உரக்கப் பேசக் கூடாது என்பதால் காரணத்தை அங்கே விளக்க முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

உயிர்காப்பு உடை அணிவது, குடிநீர் எடுத்துச் செல்வது, தனியாகப் போகாமலிருப்பது, நாயைக் கரையிலேயே விட்டுச் செல்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகத் தெரிந்தவர்களும் செய்கிற, செய்த பிறகும் தவறென்று உணராத சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓத அட்டவணையைக் கடிகாரம்போல் நம்புவது

ஓதம் என்பது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். ஓத அட்டவணை என்பது சூரியனும் சந்திரனும் கடலை எப்படி இழுக்கும் என்பதை வைத்து, ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்காக முன்கூட்டியே போட்டு வைத்த கணக்கு. இன்றைய காற்றும் இன்றைய காற்றழுத்தமும் அந்தக் கணக்கில் இல்லை. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும்; கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று விடாமல் வீசினால் அதற்கு மேலும் நீர் சேரும். செங்குத்தான பாறைத் தீவில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆனால் முழங்கால் உயரத்துக்கு மேல் மேடே இல்லாத சதுப்புத் திட்டில், ஒரு சாண் நீர் கூடினால் பறவைகள் நிற்பதற்கென்று இருந்த இடம் முழுவதும் மறைந்துவிடும்.

நீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதிலும் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். அவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். நீரோ சதுப்பின் உள்ளே வளைந்து செல்லும் ஓடைகள் வழியாக முதலில் பின்புறம் ஏறுகிறது. முன்னால் சேறு இன்னும் காய்ந்து கிடக்கும்போதே, வந்த வழியில் இருந்த ஓடை இடுப்பளவு ஆழமாகிவிட்டிருக்கும். ஓடையின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, நீர் தொடும் இடத்தில் கத்தியால் கீறிவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அன்றைய நாளுக்கு அதைவிட நம்பகமான அட்டவணை கிடையாது.

ஏற்றத்தின் உச்சத்தில் திட்டில் இறங்குவது

அந்த இளைஞரை உட்கார வைத்தது இதற்காகத்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பிறர் இதைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்க முடிவதில்லை.

புதியவர்கள் போடும் கணக்கு எளிது. நீர் வற்றியிருந்தால் படகு சேற்றில் தட்டும். ஏற்றத்தில் போனால் திட்டின் விளிம்பு வரை மிதந்து செல்லலாம். வற்றத்தின்போது சேற்றுவெளி முழுவதும் சிதறி இரை தேடிக்கொண்டிருந்த உள்ளான்களும் மூக்கன்களும் கோட்டான்களும் (இங்கே ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரையோரப் பறவை) ஏற்றத்தில் இந்த ஒரே மேட்டில் வந்து ஒடுங்கியிருக்கும். எண்ணுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் எண்ணுவதற்கு ஏற்ற அந்த நேரம்தான் இறங்குவதற்கு மிகவும் கெட்ட நேரம். ஏனென்றால் அந்த இரண்டு மூன்று மணி நேரம் அவற்றுக்குப் போக்கிடம் வேறு இல்லை. இருந்திருந்தால் அங்கே போயிருக்கும்.

கரையோரப் பறவைகளுக்குப் பகலும் இரவும் இரண்டாம்பட்சம். ஓதமே அவற்றின் பொழுது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். இதில் சேறு வெளியே தெரியும் நேரம்தான் அவற்றின் உணவு நேரம். அது இரவில் வந்தால் இரவில் உண்ணும். சேறு மூடியிருக்கும் நேரத்தில் அசையாமல் நிற்பதும், இறகு கோதுவதும், உறங்குவதுமே அவற்றின் வேலை. அந்த ஓய்வுதான் உண்டதைக் கொழுப்பாக உடலில் சேர்க்கிறது. 2022-இல், அந்த ஆண்டுதான் பொரித்த ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை சுமார் 13,560 கி.மீ. தொலைவை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததை, அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டியது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பு இத்தகைய சேற்றுவெளிகளிலும் திட்டுகளிலும்தான் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்கிறது. பறப்பதற்கு ஆகும் செலவு நிற்பதற்கு ஆவதைப்போலப் பல மடங்கு. நாம் ஒருமுறை எழுப்பினால், அந்த வேளைக்குச் சேர்த்ததிலிருந்து ஒரு பங்கைப் பறித்துவிடுகிறோம். வாரந்தோறும் யாராவது எழுப்பிக்கொண்டிருந்தால், பறவைகள் அந்தத் திட்டையே கைவிட்டுவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். நீர் நன்றாக ஏறியிருந்தது. திட்டின் முதுகில், சிவந்து போயிருந்த உமரிச் செடிகளுக்கு நடுவே, பறவைகள் தோளோடு தோள் உரச நின்றிருந்தன. எல்லாம் காற்றை எதிர்நோக்கி, ஒற்றைக்காலில், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியபடி. நான் இறங்கி இருபது அடி நடந்திருப்பேன். ஓரத்தில் நின்ற பவளக்கால் உள்ளான் ஒன்று தலையை வெடுக்கென்று மேலும் கீழும் அசைத்தது. அதன் பிறகு அலகுகள் ஒவ்வொன்றாகச் சிறகுக்குள்ளிருந்து வெளியே வந்தன. மடங்கியிருந்த கால்கள் நீண்டு தரையில் ஊன்றின. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய முணுமுணுப்பு நின்றது. அந்த இடத்திலேயே நான் நின்றிருந்தால், ஒருவேளை மீண்டும் அடங்கியிருக்கும். எனக்கு அந்த மொழி அப்போது தெரியவில்லை. இன்னும் இரண்டு அடி வைத்தேன். பவளக்கால் உள்ளான் கத்திக்கொண்டு எழும்பியது. அடுத்த நொடியில் திட்டே எழும்பியதுபோல் இருந்தது.

மூன்று முறை வட்டமடித்த பின், கூட்டத்தின் ஒரு பகுதி திட்டின் மறுமுனையில் இறங்கியது; மற்றொரு பகுதி வாய்க்காலைத் தாண்டிச் சென்று திரும்பி வந்து, அதே முனையில் சேர்ந்தது. இறங்கும் முன்பு நான் 420 என்று எழுதியிருந்தேன். மறுமுனையில் இருந்தவற்றை வேறு கூட்டம் என்று நம்பி, மேலும் 380 என்று எழுதினேன். 800 என்ற எண்ணைத்தான் பெருமையோடு அனுப்பி வைத்தேன். அடுத்த வாரம், என்னைவிட மூத்த கணக்கெடுப்பாளர் ஒருவர் எதிர்க்கரையிலிருந்து, முக்காலியில் வைத்த தொலைநோக்கியால் நிதானமாக எண்ணினார், 410 வந்தது. என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “எழும்பிச்சா?” என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். 380-ஐப் பென்சிலால் அடித்துவிட்டு, குறிப்பேட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே இறங்காமலே எண்ணப் பழகுங்கள். எதிர்க்கரையிலோ, ஓடையின் மறுபுறத்திலோ, சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் சிறு சிறு கூட்டங்களாக உங்கள் கண்ணெதிரே வந்து சேரும். வந்து சேர்பவற்றை எண்ணுவது, நெருங்கி நிற்பவற்றை எண்ணுவதைவிட எளிது. எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாத் திட்டுக்கும் எல்லாப் பறவைக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. உறங்கிய தலைகள் நிமிர்ந்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வற்றத்தில் வந்து “பறவை இல்லை” என்று எழுதுவது

அவை இரை தேடப் போயிருக்கின்றன. எந்த ஓத நேரத்தில் பார்த்தீர்கள் என்பதை எழுதாத பூஜ்யத்தால் யாருக்கும் பயனில்லை. நேரத்தோடு எழுதிய பூஜ்யம் நல்ல தகவல்.

கடல் ஒதுக்கிய சருகு வரிசையில் நடப்பது

இனப்பெருக்கக் காலத்தில் திட்டின் ஓரமாக நடப்பவர்கள், செடிகளை மிதிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், உயர்ந்த ஓதம் ஒதுக்கிவிட்டுப் போன சருகும் சிப்பியும் கலந்த வரிசையின் மேல் நடப்பார்கள். நீருக்குச் சற்று மேலே இருப்பதாலும், முட்டையின் புள்ளிகள் அங்கே கலந்து மறைந்துவிடுவதாலும், ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் சிப்பிபிடிப்பான்களும் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் முட்டையிடுகின்றன. அவற்றுக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மார்பால் அழுத்திய ஒரு சிறு குழி, அவ்வளவுதான். தாய்ப்பறவை எழும்பிப் போனால், நேர் வெயிலில் முட்டைக்குள் இருக்கும் கரு வெந்துவிடும். கடற்காகம் அருகில் இருந்தால் அதற்கும் முன்பே முட்டை போய்விடும்.

உள்ளே செடிகளுக்கு நடுவே நடப்பதும் பாதுகாப்பில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உவர்ச் சதுப்பில் மட்டுமே வாழும் ஒரு சிட்டு உண்டு. தரைக்குச் சில அங்குலம் மேலே, புல்லுக்குள் அது கூடு கட்டுகிறது. முட்டையிடுவது முதல் குஞ்சு வெளியேறுவது வரை அதற்கு மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாகத் தேவை; மாதத்தின் மிக உயர்ந்த ஓதம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது நான்கு வாரம். கூட்டை நீர் அடித்துச் சென்றால், சில நாட்களுக்குள் மறுபடி தொடங்கிவிடுகிறது. தாமதித்தால் அடுத்த நீர் வந்துவிடும். இவ்வளவு இறுக்கமான கணக்கில் வாழும் பறவையிடமிருந்து நம்முடைய ஆர்வத்துக்காக இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

வெறுமையாக இருக்கிறதே என்று மரம் நடுவது

நல்ல மனத்துடன் செய்யப்படும் தவறு என்பதால் இதைத் தடுப்பது கடினம். கரையோரப் பறவைகள் நான்கு திசையும் தெரிந்தால்தான் நிம்மதியாக நிற்கும். மரம் வளர்ந்தால் காகத்துக்கும் பருந்துக்கும் உட்கார இடம் கிடைக்கும். உள்ளான்கள் அந்தப் பக்கம் ஒதுங்குவதை நிறுத்திவிடும். இயல்பாக மரமில்லாத சதுப்பு, மரமில்லாமலே நிறைவானது.

ட்ரோன்

வேண்டாம். அது பருந்தில்லை என்று கீழே நிற்கும் பறவைக்குத் தெரியாது.

கூட்டின் இடத்தைப் படத்தோடு பகிர்வது

முட்டை பொரித்துக் குஞ்சு பறந்த பிறகும்கூடச் செய்யாதீர்கள். அடுத்த ஆண்டும் அதே திட்டுக்குத்தான் வரும்.

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு போவது

சதுப்புத் திட்டு பாறையன்று. ஒரு புயலில் ஒரு முனை கரையும். மறுபுறம் சேறு படிந்து வளரும். ஓடை இடம் மாறும். வட கடலின் சேற்றுவெளியில், கரையணை இல்லாமல் அடிக்கடி நீரில் மூழ்கியெழும் சதுப்புத் தீவுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான நோர்டரோக்கை, ஆலாக் கூட்டங்களைக் காப்பதற்கென்றே, யோர்ட்சாண்ட் சங்கம் என்ற ஜெர்மானியப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1909-இல் விலைக்கு வாங்கியது. அந்தச் சங்கத்துக்குப் பெயர் தந்த யோர்ட்சாண்ட் என்ற தீவு, 20-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் அரிப்பில் இல்லாமலே போய்விட்டது. ஒரு தீவுக்கே இப்படி என்றால், சென்ற பருவத்தில் நீங்கள் நடந்த வழியை இந்தப் பருவத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் முதல் பயணத்தை, கணக்கெடுக்காமல், வழியை மட்டும் பார்த்து வருவதற்கு ஒதுக்குங்கள்.

எண்ணி முடித்ததும் கிளம்பிவிடுவது

உச்ச ஏற்றத்தில் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. குறிப்பேட்டை மூடியதும் படகை எடுக்கச் சொல்கிறார்கள். நீர் இறங்கத் தொடங்கும் வரை இருந்து பாருங்கள். திட்டின் ஓரத்தில் கையகலச் சேறு தெரிந்ததுமே கொசு உள்ளான்கள் இறங்கிவிடும். உடல் சிறியது, ஆகவே அதிக நேரம் உண்ண வேண்டியிருக்கிறது. நீர் பின்வாங்கும் விளிம்பை ஒட்டி, அலகால் சேற்றைத் தையல் போடுவதுபோல் குத்திக்கொண்டே அவை நகரும். அவற்றுக்குப் பிறகு பவளக்கால் உள்ளான்கள் ஓடைகளுக்குள் இறங்கும். கோட்டான்கள் பெரும்பாலும் கடைசியில்தான் கிளம்பும். எந்தக் கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்; அந்தத் திசையில் இருக்கும் சேற்றுவெளியும் சேர்ந்துதான் அந்தத் திட்டு. கடந்த பருவத்தில் அந்த இளைஞர் படகில் உட்கார்ந்தபடியே அதைத்தான் எழுதினார். கடைசிக் கோட்டான் கிளம்பியபோது படகின் அடி சேற்றில் தட்டியிருந்தது; இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தோம்.