வாரண்ட் ஆபீசர்: யார் எந்தப் படிநிலை? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரில் 'ஆபீசர்' இருக்கிறது என்பதற்காக வாரண்ட் ஆபீசரை லெப்டினன்ட், கேப்டன் வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். இந்திய விமானப்படையில் சார்ஜென்டுக்கு மேலே ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்று மூன்று படிகள். இவர்கள் கமிஷன் (அதிகாரி நியமன ஆணை) பெற்ற அதிகாரிகள் இல்லை. தலை நரைத்த மாஸ்டர் வாரண்ட் ஆபீசரும் நேற்று பயிற்சி முடித்து வந்த, கமிஷன் பெற்ற ஃபிளையிங் ஆபீசருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். அதற்காக அவரைச் சாதாரணமாக நினைப்பதும் தப்பு. அந்த இளைஞருக்கு விவரம் இருந்தால், வேலை விஷயத்தில் முதலில் அவரிடம்தான் கேட்பார்.

தரைப்படையில் வாரண்ட் ஆபீசரைத் தேடினால் கிடைக்க மாட்டார். அங்கே அதே நிலையில் இருப்பவர்கள் ஜேசிஓக்கள் (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்கள்): நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். டாங்கிப் படையில் சுபேதாருக்குப் பதில் ரிசால்தார். கடற்படையில் சீஃப் பெட்டி ஆபீசரும் அவருக்கு மேலே இரண்டு மாஸ்டர் சீஃப் படிகளும்.

பலரும் சறுக்குவது தோள்பட்டையில்தான். சுபேதார் மேஜருக்கும் அசோகச் சின்னம், மேஜருக்கும் அசோகச் சின்னம். சுபேதாருக்கும் இரண்டு நட்சத்திரம், லெப்டினன்டுக்கும் இரண்டு. சின்னத்தோடு குறுக்கே வண்ணப் பட்டை ஒன்று இருந்தால் அவர் ஜேசிஓ. புகைப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையைத்தான். பத்திரிகைக்காரர்களே இதைக் கவனிப்பதில்லை!

எல்லா ஜேசிஓவும் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர் என்பதும் சரியில்லை. ஈட்டி எறியும் நீரஜ் சோப்ரா 2016-ல் நேரடியாக நாயப் சுபேதாராகச் சேர்ந்தவர். சுபேதார் மேஜர் வரை உயர்ந்தார். 2025-ல் பிராந்திய ராணுவத்தில் (டெரிடோரியல் ஆர்மி என்ற பகுதிநேரத் துணைப் படை) அவருக்குக் கிடைத்த லெப்டினன்ட் கர்னல் பதவி கௌரவப் பதவி. வழக்கமான பதவி உயர்வோடு அதைக் குழப்பக் கூடாது. நீண்ட காலம் பணியாற்றிய மாஸ்டர் வாரண்ட் ஆபீசர்கள் சிலருக்கும் கௌரவ ஃபிளையிங் ஆபீசர் பதவி தருவார்கள்.

அப்புறம், வெளிநாட்டுக் கணக்கை இங்கே பொருத்தாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் வாரண்ட் ஆபீசரைக் கீழே இருப்பவர்கள் 'சார்' என்பார்கள், ஆனால் சல்யூட் கிடையாது. அமெரிக்காவில் சிப்பாய்கள் அவருக்கு சல்யூட் அடித்தாக வேண்டும். அந்த நாட்டுத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் வாரண்ட் ஆபீசர்கள்தான்.