கோலப்பொடியும் தீப்பெட்டியும் போதும், பாக்ஸிங் காலடி பழகலாம்

பாளையங்கோட்டைப் பக்கம் சாயங்காலத்தில் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிறவன் யாராக இருந்தாலும் முதல் நாள் அவன் கண் தொங்குகிற பேக் மேலேதான் இருக்கும், "குத்திப் பாக்கட்டா அண்ணாச்சி" என்பான். குத்தலாம், மூன்று வாரம் கழித்து. அதுவரைக்கும் காலடிதான். இதைக் கேட்டதும் மறுநாள் வராமல் போனவர்கள் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, என் வாத்தியார் சொன்னபோது நானும் காதில் வாங்கவில்லை.

அதற்கு விலை கொடுத்தது என் முதல் போட்டியில். இரண்டாவது ரவுண்டு, கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, எதிராளி ஜாப் (முன்னால் இருக்கிற கையால் போடுகிற நேர்குத்து) போட்டதும் வலது பக்கம் ஒதுங்க நினைத்து இடது காலைத் தூக்கி வலது காலுக்கு முன்னால் வைத்துவிட்டேன், ரெண்டு காலும் பின்னிக்கொண்டு நின்ற அந்த நொடியில் இன்னொரு ஜாப் வந்தது. பெரிய குத்தெல்லாம் இல்லை, ஊதியிருந்தாலும் விழுந்திருப்பேன். உட்கார்ந்துவிட்டேன், ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். கார்னருக்கு வந்ததும் வாத்தியார் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "ஏலே, அவன் ஒன்னத் தள்ளலடே, நீயாத்தான் விழுந்த" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காலடி என்றதும் முகம்மது அலி மாதிரி துள்ளிக்கொண்டே இருப்பது என்று நினைக்கிறார்கள். அது இல்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும், நகர்ந்து முடித்த நொடியில் குத்தவும் முடியணும், குத்து வாங்கினாலும் விழாமல் நிற்கணும். அவ்வளவுதான் வேலை. துள்ளல் எல்லாம் அதற்கு மேலே போடுகிற பூ.

முதலில் நிற்பது. வலது கைப்பழக்கம் உள்ளவர் என்றால் இடது கால் முன்னால், வலது கால் பின்னால், நடுவில் தோள் அகலம். தட்டட்டியிலோ (மொட்டைமாடிதான்) முற்றத்திலோ கோலப்பொடியால் நேராக ஒரு கோடு இழுங்கள். இடது கால் கோட்டுக்கு இடது பக்கம், வலது கால் வலது பக்கம். ரெண்டும் ஒரே கோட்டின் மேல் நின்றால் பக்கவாட்டில் ஒரு பிள்ளை தள்ளினாலும் சாய்ந்துவிடுவீர்கள். முழங்கால் லேசாக மடங்கி இருக்கணும், எடை ரெண்டு காலிலும் ஏறத்தாழ சமமாக. பின்னங்கால் குதிகால் தரையைத் தொடக்கூடாது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் குதிகாலுக்கு அடியில் ஒரு காலித் தீப்பெட்டியைப் படுக்க வைத்துவிட்டு மூன்று நிமிஷம் கார்டோடு, அதாவது ரெண்டு கையையும் முகத்துக்குக் காவலாகத் தூக்கிவைத்து, நிற்கச் சொல்வேன். பெட்டி நசுங்காமல் இருந்தால் பாஸ். முதல் நாளில் ஒன்றரை நிமிஷத்துக்குள் கெண்டைக்கால் நடுங்கி, பெட்டி அப்பளமாகிவிடும்.

குதிகாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒரு சுவர் முன்னால் போய் நில்லுங்கள். ரெண்டு பாதத்தையும் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையை மெதுவாக நேரே நீட்டுங்கள், முஷ்டி சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி தூரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இப்போது வலது குதிகாலைத் தூக்கி, சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே அதே கையை நீட்டுங்கள். இடுப்பு திரும்பும், தோள் முன்னால் வரும், கை மடங்குகிற அளவுக்கு முஷ்டி சுவரில் முட்டும். பின்னால் இருக்கிற கையால் போடுகிற கிராஸ் என்கிற குத்து பின்னங்காலில் ஆரம்பித்து இடுப்பு, தோள் வழியாகத்தான் கைக்கு வருகிறது. குதிகால் அப்பியே கிடந்தால் நீங்கள் வெறும் கையால்தான் குத்துகிறீர்கள்.

நகர்வதற்கு ஒரே விதி: எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில். முன்னால் போக முன்னங்கால், பின்னால் வரப் பின்னங்கால், இடது பக்கம் போக இடது, வலது பக்கம் போக வலது. மற்றக் கால் அதே அளவு பின்தொடரணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. எடுத்து வைக்கிற அடி ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். ஒரு முழம் தாண்டிவிடலாம் என்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அப்படித் தாண்டும்போது அந்தரத்தில் இருக்கிற நேரத்தில்தான் எதிராளி குத்துவான்.

இப்போது கோலப்பொடியின் அடுத்த வேலை. நாலடிக்கு நாலடி கட்டம் போட்டு உள்ளே பொடியை மெல்லிசாகத் தூவுங்கள், வெறுங்காலோடு உள்ளே நின்று முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு, இடம், வலம் என்று மெதுவாக நகருங்கள் (சிமென்ட் தரையில் பொடி வழுக்கும், வேகம் வேண்டாம்). வெளியே வந்து தடத்தைப் பாருங்கள். குதிகால் தடம் பதிந்திருந்தால் பின்னங்கால் தூங்குகிறது. நீளமாக இழுத்த கோடு இருந்தால் காலை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். ரெண்டு தடமும் போகப்போக நெருங்கி வந்திருந்தால் மற்றக் கால் அளவுக்கு மேல் வந்துவிட்டது, நிலை குறுகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று பழகினால் கையைத்தான் பார்ப்போம், பொடி காலை மட்டும்தான் காட்டும். முடித்ததும் கூட்டி அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் நடக்கிற ரவுண்டுக்கு நான் பொறுப்பில்லை.

நம்ம ஊரில் சிலம்பம் பழகிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும், கம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே காலடி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அங்கே பழகின அகலமான, தாழ்ந்த நிற்பைக் குறைக்கவேண்டி இருக்கும். கபடிப் பையன்களுக்குக் காலில் பலம் உண்டு, பயம் கிடையாது, ஒரே குறை பாய்ந்துவிடுவார்கள்.

தலையைப் பற்றியும் சொல்லணும். கோவில் கொடை விழாவில் கரகாட்டம் பார்த்திருப்பீர்கள், கீழே கால் அவ்வளவு வேகமாக ஓடும், மேலே கரகம் அசையாது. அதுதான் வேண்டும். துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு நகர்ந்து பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் தலை ஏறி இறங்கினால் துண்டு விழும், அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் எதிராளி உங்கள் அடுத்த அடியைக் கண்டுபிடிப்பான். ஆட்டத்தைச் சும்மா சொல்லவில்லை: 2008, 2012 ரெண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கின உக்ரைனின் லோமசென்கோவை, சின்னப் பையனாக இருந்தபோது பாக்ஸிங்கை நிறுத்திவிட்டு அந்த ஊர் நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பினார் அவருடைய அப்பா. அவர்தான் பயிற்சியாளரும்.

பிவட் என்பது முன்னங்காலின் முன்பாதத்தை ஆணியாக வைத்து, பின்னங்காலைக் கவராயம் மாதிரி சுற்றிக் கொண்டுவருவது. ரிங்கின் கயிற்றோரம் மாட்டிக்கொண்டால் வெளியே வர இதுதான் வழி. குறுக்குத்துறை தாமிரபரணி ஆற்றுமணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்லது, பிவட்டை மட்டும் அங்கே பழகாதீர்கள், மணலில் பாதம் புதைந்துகொள்ள முழங்கால்தான் முறுக்கும்.

எதிராளி ஓடுகிறான் என்றால் பின்னாலேயே போகாதீர்கள். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடினால் வாலைப் பார்த்தா ஓடுவோம்? குறுக்கே போய் மடக்குவோம். ரிங்கும் அப்படித்தான், ஒலிம்பிக்கில் கயிற்றுக்குள் 6.10 மீட்டர் சதுரம், அவன் இடது பக்கம் போனால் நீங்களும் சாய்வாக அந்தப் பக்கமே ஒரு அடி வைத்து வழியை அடைத்தால் மூலை தானாக வரும். அலி மாதிரி ஆளையே 1971-ல் ஜோ ஃப்ரேசியர் நெருக்கிக்கொண்டே இருந்து 15 ரவுண்டு முடிவில் புள்ளியில் ஜெயித்தார். எதிரில் இடதுகைக்காரன் நின்றால், உங்கள் முன்னங்காலை அவன் முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் வைக்கப் பாருங்கள், உங்கள் வலது கைக்கு நேர்வழி கிடைக்கும், அவனுடைய இடது கைக்குக் கிடைக்காது. அவனும் அதையேதான் முயற்சி பண்ணுவான்.

ஸ்கிப்பிங்கை எண்ணிக்கையில் போடாமல் நேரத்தில் போடுங்கள். மூன்று நிமிஷம் குதி, ஒரு நிமிஷம் ஓய்வு, மூன்று தடவை, ஒலிம்பிக் போட்டியும் அந்தக் கணக்குதான். கயிறு போகிற அளவுக்குத் தூக்கினால் போதும், முழங்காலை மடக்கிக் குதிக்க வேண்டாம். வெறும் சிமென்ட்டில் தினமும் குதித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும், மண்தரையோ ரப்பர் பாயோ பாருங்கள். ஷூவில் ஓட்டத்துக்கு விற்கிற தடித்த குதிகால் வைத்தது ஆகாது, திரும்பும்போது பிடித்து இழுக்கும், அடி மெல்லிசாகத் தட்டையாக இருந்தால் விலை குறைந்ததே போதும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் தட்டட்டியில் வெறுங்கால் வைக்க முடியாது.

முதல் ஸ்பாரிங்கில் (பழகுவதற்காக ஒருத்தரோடு ஒருத்தர் குத்திக்கொள்வது) வலது கையைத் தாடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஜாப் மட்டும் போடச் சொல்வேன். ஒவ்வொரு ஜாபுக்கு அப்புறமும் ஒரு அடி, எந்தப் பக்கமானாலும் சரி.