தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

அம்மாவின் கால் மெஷின் என் வீட்டுக்கு வந்தபோது சக்கரம் இம்மியும் அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "துரு ஏறிடுச்சு, எடைக்குப் போட்டுடு" என்றார்கள். மெஷினின் தலையைப் பின்னால் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு எங்கும் இல்லை. இணைப்புகளில் எல்லாம் பலாப்பிசின் மாதிரி மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. மெஷின் எண்ணெய் தீர்ந்த நாட்களில் சமையலறையிலிருந்து எடுத்து விட்ட தேங்காய் எண்ணெய்தான் அது.

கால் மெஷின் உள்ள வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாக நாளாகப் பிசுக்காகி, தூசியையும் நூல் பஞ்சையும் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். இறுகிய மெஷினை மிதித்து ஓட்டப் பார்க்காதீர்கள். எண்ணெய்த் துளைகளிலும் அடியில் உள்ள மூட்டுகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு இரவு விட்டுவிடுங்கள் (அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்). காலையில் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கரைந்து வரும் அழுக்கைத் துணியால் துடையுங்கள். எனக்கு இதற்கு நான்கு நாள் ஆனது. நான்காம் நாள் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியபோது தொண்டை அடைத்துவிட்டது. மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடவும் கூடாது. அது ஆவியாகி இரும்பைக் காய விட்டுவிடும். அப்புறம் மெஷின் எண்ணெயை இடத்துக்கு ஒரு சொட்டு விட வேண்டும். கீழே மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டுக்கும் சேர்த்து விடுங்கள், அதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, தையல் சரியாக விழாதபோது செய்யும் தவறு. துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கை நேராகப் பாபின் கேஸின் (கீழ்நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) குட்டித் திருகுக்குப் போகும். அடியில் தெரிகிறது, அதனால் கோளாறும் அடியில்தான் என்று தோன்றுவது இயல்பு. உண்மை நேர்மாறானது. மேல்நூல் லூஸாக இருந்தால்தான் கீழ்நூல் அதை அடியில் இழுத்துப்போடும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருப்பீர்கள், பெரும்பாலும் காரணம் அதுதான். பாதம் இறங்கியிருந்தால் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடியிருக்கும், நூல் இடையில் போகாமல் மேலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு, மேலிருந்து மறுபடி கோத்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பாபின் கேஸின் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். அது தானாக இறங்கக் கூடாது. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தத் திருகைத் தொடவே வேண்டாம்.

ஊசி முறியும்வரை மாற்றாமல் இருப்பது இன்னொரு தவறு. மழுங்கிய ஊசி துணியைக் குத்தும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வரும், தையல் விட்டுவிட்டு விழும். சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 18 என்று எண் பார்த்து வாங்குங்கள். ஊசித்தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பழையதைக் கழற்றும் முன் அந்தத் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துவிட்டு, புதியதையும் அப்படியே போடுங்கள். தைக்கும்போது துணியைப் பின்னாலிருந்து இழுக்கவும் கூடாது. அது ஊசியை வளைத்து, ஊசிக்குக் கீழே உள்ள இரும்புத் தட்டில் மோத வைக்கும். துணியைத் தள்ளுவது அடியில் இருக்கும் பற்களின் வேலை. அவற்றுக்கிடையே அடைந்த பஞ்சைத் தட்டைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் எடுத்தாலே துணி தானாக நகரும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை என்று பதறி மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போகாதீர்கள். பாபினில் நூல் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்தியிருப்பீர்கள், மறுபடி இறுக்க மறந்திருப்பீர்கள். பெல்ட் தொய்ந்துவிட்டால் அரை அங்குலம் வெட்டிப் புதுத் துளை போட்டு மாட்டலாம். அதிகம் வெட்டி இறுக்கினால் மிதிக்கும் காலுக்குத்தான் வலி.

மனசு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. பழைய கறுப்பு மெஷினைப் பளபளப்பாக்க வேண்டும் என்று தின்னரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைப்பது. பழைய சிங்கர் மெஷின்களில் அந்தத் தங்கப் பூவேலைக்கு மேல் இருப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டால் கரைந்து, பூவேலையும் துணியோடு வந்துவிடும். மெஷின் எண்ணெயில் நனைத்த மெல்லிய துணியே போதும்.

பழைய சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை தருகிறோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். 2009இல் சவுதி அரேபியாவில் இந்தப் புரளி பரவி, பழைய மெஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது. ஊசியைப் பிரித்தாலும் உடம்பைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

என் மெஷினில் இப்போது தலையணை உறைகள் தைக்கிறேன். தைத்து முடித்ததும் பாதத்துக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து இறக்கிவிடுவேன், வழியும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். அம்மா அதற்கு வைத்திருந்த பழைய ரவிக்கைத் துண்டு டிராயரிலேயே இருந்தது.